விருந்தும் விடுதியும்: கற்பிட்டிக் கரையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

1

மனிதன் தான் வாழும் ஊரை நீங்கிப் பிறிதோர் ஊருக்குச் செல்வது பல காரணங்களால் நிகழும். பொருள் தேடிச் செல்வோர் உளர். கல்வி கருதிச் செல்வோர் உளர். தெய்வத்தை வழிபடச் செல்வோர் உளர். உயிருக்கு அஞ்சி ஓடுவோரும் உளர். இவ்வகைப் பயணங்கள் பற்றி எமது இலக்கியங்களும் அறநூல்களும் நிறையவே பேசியுள்ளன. பொருள்வயிற் பிரிவு என ஒரு பிரிவே அகத்திணை மரபிற் கூறப்படுகின்றது. ஆயின், பொருளோ கல்வியோ வழிபாடோ புகலிடமோ கருதாது, ஓய்ந்திருத்தல் ஒன்றனையே கருதி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து, வெப்பமண்டலத் தீவொன்றின் கரையிற் பத்து நாட்கள் தங்கி மீளும் பயணம் மனித வரலாற்றில் மிக அண்மையது. பெருந்தொகையானோரை ஒருங்கே ஏற்றிச் செல்லவல்ல அகலுடல் ஜெற் விமானங்கள் 1970ஆம் ஆண்டு சேவைக்கு வந்த பின்னரே அது நடுத்தர வருமானம் உடையோர்க்கும் எட்டுவதாயிற்று. இலங்கையில் உல்லாசப் பயணச் சபை 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டமையும், மாலைதீவில் முதலாவது உல்லாச விடுதி 1972இல் திறக்கப்பட்டமையும் ஏறத்தாழ இக்காலப் பகுதிக்கே உரியன.

இப்பயணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொருளியலாளராகவே உள்ளனர். எத்தனை பேர் வந்தனர், எத்தனை டொலர் கிடைத்தது, எத்தனை அறைகள் நிரம்பின என்பனவே வினாக்கள். இவ்வினாக்கள் வேண்டாதன அல்ல. எனினும், இவற்றுக்கு முன்னர் வினவப்பட வேண்டிய வேறொரு வினா உண்டு. ஒருவன் தன் ஓய்வின் பொருட்டுப் பிறர் தம் வாழ்வின் பொருட்டுப் பற்றியிருக்கும் நிலத்தைத் திட்டமிடுவதற்கு எவ்வகையில் உரிமை பெறுகின்றான்? விலை கொடுத்துவிட்டான் என்பது அவ்வுரிமைக்குப் போதிய விடையாகுமா?

இவ்வினாவை வானத்தில் நிறுத்தி ஆராய்வதிற் பயனில்லை. ஆதலின், எமது நாட்டின் வடமேல் மாகாணத்திலுள்ள புத்தளம் மாவட்டக் கரையோரத்தை, சிறப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டையும் அதனைச் சூழவுள்ள தீவுகளையும் முன்வைத்தே இக்கட்டுரை அமைகின்றது.

2

முதலில் திட்டமிடுதல் என்னும் செயலை நோக்குவோம். ஐரோப்பிய நகரொன்றில் மழைக்காலத்து மாலைப்பொழுதில் ஒருவர் தம் மேசையில் அமர்ந்து கற்பிட்டிப் பயணத்தைத் திட்டமிடுகின்றார் எனக் கொள்வோம். அவர் தீயவர் அல்லர். ஆண்டு முழுதும் உழைத்துக் களைத்தவர். அவர் அறிய விரும்புவன சிலவே. எம்மாதத்திற் கடல் அமைதியாக இருக்கும்? நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போது கூட்டங்கூட்டமாகச் செல்லும் டொல்பின்களைக் காணலாம். பட்டத்தின் இழுவையால் அலைமேற் சறுக்கும் விளையாட்டுக்கு எம்மாதங்கள் ஏற்றன? தென்மேற்குக் காற்று வலுத்து வீசும் மே முதல் ஒக்ரோபர் வரை. விடுதியிலிருந்து கடல் எத்தனை அடி? அறையின் சாளரத்தில் நின்றால் என்ன தெரியும்? இத்தனைக்கும் விடைகள் விளம்பரத் தாள்களில் உள்ளன.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழுதல் இயல்பு. எமது இலக்கண மரபு ஒரு நிலத்தைக் காண்பதற்கு மூன்று கூறுகளைக் கற்பித்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலாயின கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தல் என்பது மணலும் கடலும் மட்டுமன்று. மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் அங்கு வாழ்வோரின் தெய்வமும் அவர்தம் இரங்கலும் கூடியதே நெய்தல். இவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது திணையாகாது. விளம்பரத் தாளிலோ முதற்பொருள் மாத்திரமே உண்டு. நிலம் உண்டு, எப்பருவம் ஏற்றது என்ற பொழுதும் உண்டு. கருப்பொருளில் தென்னையும் டொல்பினும் இடம்பெறுகின்றன; பறையும் தொழிலும் விடுபடுகின்றன. உரிப்பொருளாகப் பயணியின் இன்பமே வைக்கப்படுகின்றது. ஒரு நிலத்தின் உரிப்பொருளை அந்நிலத்தில் வாழாதவர் வந்து நிரப்பும் இவ்வமைப்பே நாம் ஆராயும் அறப்பிரச்சினையின் வித்து எனலாம்.

விடுபட்டவை எவை எனக் காண்போம். புத்தளம் கடனீரேரிக்கும் திறந்த கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இக்குடாநாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும் கலந்து வாழ்கின்றனர். தலவிலவில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் பல்லாயிரவர் செல்வர். தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நடைபெறும். பாலாவியில் உப்பளங்கள் உள. கரையோரமெங்கும் கரைவலைத் தொழில் உண்டு. கயிற்றின் ஒரு முனையைக் கரையிலே விட்டு, வள்ளத்தில் வலையைக் கொண்டு சென்று அரைவட்டமாக வளைத்து, மறுமுனையைக் கரைக்குக் கொணர்ந்து, இருபுறமும் நின்று பலர் கூடி இழுப்பர். இழுக்கும் பொழுது உழைப்பின் தாளத்துக்கு இசைய அம்பாப் பாடல் எழும். இத்தொழிலுக்குக் கடல் மட்டும் போதாது. அகன்ற, தடையற்ற கரை வேண்டும். வலையை இழுக்கவும், உலர்த்தவும், வள்ளத்தை ஏற்றி வைக்கவும், மீனைக் காயவிடவும், வாடி அமைக்கவும் மணற்பரப்பு வேண்டும்.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்று. தென்மேற்குக் காற்று பட்டம் பிடிக்கும் பயணிக்கு மகிழ்ச்சி தருவது; அதே காற்றே மேற்குக் கடலிற் செல்லும் வள்ளங்களைக் கரையில் முடக்குவது. கடல் அமைதியுறும் மாதங்கள் டொல்பின் காண வருவோர்க்கு உகந்தன. அதே மாதங்களே கரைவலைக்கும் உரியன. எனவே ஒரே பொழுதில் ஒரே மணல் இருவர்க்கும் வேண்டியதாகின்றது. ஒருவர் திட்டத்தில் மற்றவர் இடம்பெறவே இல்லை.

3

தனியொருவரின் திட்டம் சிறிது. அவரைப் போன்ற பல்லாயிரவரை எதிர்பார்த்து அரசு வகுக்கும் திட்டம் பெரிது. உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்த 2009ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கற்பிட்டியையும் அதனைச் சார்ந்த 14 தீவுகளையும் ஒருங்கிணைந்த உல்லாசப் பயண வலயமாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அறைகள், குழிப்பந்தாட்டத் திடல், உள்நாட்டு விமானத் தளம் என்பன அதிற் பேசப்பட்டன. காணி, கரைக்குச் செல்லும் வழி, தொழில் என்பன பறிபோகும் என அஞ்சிய கடற்றொழிலாளர் அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. திட்டம் வகுக்கப்பட்ட அளவில் நிறைவேறவில்லை. ஆலங்குடா, கண்டக்குழி முதலிய இடங்களில் சிறியனவும் நடுத்தரத்தனவுமான விடுதிகளே பெருகின. எனினும், அத்திட்டத்தின் பின்னணியில் இருந்த சிந்தனை ஆராயத்தக்கது.

அச்சிந்தனையை ஒரு சொல்லில் அடக்கலாம்: ‘ஆளற்ற தீவு’. ஆளற்றது என்பது ஒரு நிலத்தின் இயல்பைக் கூறும் சொல்லாகத் தோன்றினும், உண்மையில் நோக்குவோரின் நிலையைக் கூறும் சொல்லேயாகும். உச்சமுனை, இப்பந்தீவு, பத்தலங்குண்டு என இத்தீவுகளுக்குப் பெயர்கள் உள. யாரும் செல்லாத இடத்துக்குப் பெயர் எதற்கு? இவற்றுட் சிலவற்றில் நிலையான குடிகள் வாழ்கின்றனர். வேறு சிலவற்றிற் பருவத்துக்குப் பருவம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வோர் தங்குவர். ஆண்டிற் சில மாதங்கள் ஆளின்றிக் கிடப்பது ஆளற்ற தீவாகாது. அறுவடை முடிந்த வயலை ஆளற்ற வயல் என எவரும் கூறுவதில்லை.

இந்நோக்கு புதியதன்று. உறுதி இல்லாத, தொடர்ச்சியாகப் பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியது எனக் கொள்ள இடமளித்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம். மலைநாட்டிற் கோப்பிச் செய்கைக்கு நிலம் பெற உதவிய அச்சட்டத்தின் எண்ணம், எழுத்தில் உறுதி இல்லாதவன் உரிமையும் இல்லாதவன் என்பதாகும். கடற்கரைக்கு உறுதி எழுதுவோர் யார்? தலைமுறை தலைமுறையாக ஒரு கரையில் வலை இழுத்தவரிடம் காட்டுவதற்குக் கடதாசி இருப்பதில்லை. வழக்கம் மாத்திரமே இருக்கும்.

மெய்யியலில் இவ்வழக்கத்துக்குச் சான்றாவார் யாரேனும் உளரா? ஆங்கில மெய்யியலாளரான யோன் லொக், 1689இல் வெளிவந்த அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வில், பொதுவாகக் கிடந்த ஒன்றோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுக்கு உரியதாகின்றது என வாதிட்டார். இவ்வாதம் கடற்றொழிலாளருக்குத் துணைநிற்பது போலத் தோன்றும். ஆயினும், லொக்கின் உள்ளத்தில் இருந்த உழைப்பு உழுதலும் வேலியிடுதலுமே. வேட்டையாடியும் திரிந்தும் வாழ்ந்த அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம் அவர் நோக்கிற் பெரும்பாலும் வெறுநிலமே. வேலி இல்லாத உழைப்பை அக்கொள்கை காணத் தவறியது.

தமிழ் வழக்கு இவ்விடத்தில் ஒரு தெளிவைத் தருகின்றது. ஒரு கரைவலைக்கு உரிய கரைப்பகுதியை எமது கடற்றொழிலாளர் ‘பாடு’ என்பர். பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, வருத்தம் என்னும் பொருள்களும் உண்டு. இடத்தையும் உழைப்பையும் ஒரு சொல்லாற் குறிக்கும் இவ்வழக்கில், வேலியின்றியே ஓர் உரிமை உணர்த்தப்படுகின்றது. அவ்வுரிமை பிறரை முற்றாக விலக்கும் உரிமையன்று. பாட்டின் எல்லைக்குள் வேறொருவர் வலை வளைக்கலாகாது. ஆனால் அம்மணலில் எவரும் நடக்கலாம், சிறுவர் விளையாடலாம், வழிப்போக்கர் அமரலாம். விடுதியின் உரிமையோ இதற்கு நேர்மாறானது. அங்கு நடத்தலும் அமர்தலுமே விலைப்பொருள்கள்; ஆகவே விலை தராதவரை விலக்குதல் அவ்வாணிகத்தின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்புறமாக 2 கிலோமீற்றர் வரையும் உள்ள வலயத்தில் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெற வேண்டும் என விதித்தது. ஆனால் சட்டம் கட்டடத்தை ஒழுங்குபடுத்தலாம். யாருடைய இருப்பு கணக்கிலெடுக்கப்படுகின்றது என்பதை ஒழுங்குபடுத்துவது அறவுணர்வேயாகும்.

4

உல்லாசப் பயணியை ‘விருந்தினர்’ என்று அழைத்தல் இன்று வழக்காகிவிட்டது. இச்சொல்லாட்சி பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும். விருந்து என்பதன் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் இச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கின்றது. ஆகவே விருந்தினர் என்போர் உறவினர் அல்லர். முன்பின் அறியாப் புதியவர். அவரை ஓம்புதலைத் திருக்குறள் இல்லறத்தான் கடனாக வைத்து ஓர் அதிகாரமே வகுத்தது. விருந்தோம்புவோன் தன் இல்லத்தை உடையவன். கொடுப்பதும் மறுப்பதும் அவன் கையில் உள்ளன. மறுக்கக்கூடியவன் கொடுப்பதாலேயே அது அறமாகின்றது.

இக்கரைக்கு வந்த இரு விருந்தினர் கூட்டத்தை நினைவுகூர்தல் தகும். 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரை நோக்கிப் புறப்பட்ட மொறொக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் மரக்கலத்தைக் காற்று திசைதிருப்பி இலங்கைக் கரைக்குக் கொணர்ந்தது. அவர் இறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என அறிஞர் கொள்வர். அங்கு ஆரியச் சக்கரவர்த்தியின் அனுமதி பெற்றே அவர் கரையேறினார். மன்னர் அவரை வரவேற்று முத்துக்களை வழங்கியதுடன், பாவாத மலைக்குச் செல்ல விரும்பிய அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் உதவினார். வந்தவர் இசைவு கேட்டார். இருந்தவர் இசைவு அளித்தார். இருவர் மதிப்பும் குறையவில்லை.

இரண்டாம் கூட்டம் எமது காலத்தது. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணிக்கப்படுகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தையே வந்தடைந்தனர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அவர்களிடம் திட்டம் ஏதும் இருக்கவில்லை. எத்தனை நாள் தங்குவோம் என்பதும் தெரியாது. கரையிலிருந்தோர் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் தென்னந்தோப்புக்களையும் திறந்துவிட்டனர். சோறு சமைத்துக் கொடுத்தனர். நாட்கள் ஆண்டுகளாகி, ஆண்டுகள் பத்தாண்டுகளானபோது காணி, நீர், தொழில், பாடசாலை இடங்கள் என்பன தொடர்பாக வந்தோர்க்கும் இருந்தோர்க்கும் இடையிற் கசப்புக்களும் தோன்றின. இதனை மறைக்க வேண்டுவதில்லை. விருந்தோம்பல் எளிய செயலன்று என்பதையும், வறியவர் செய்யும் விருந்தோம்பலுக்கு வறியவரே விலை கொடுக்கின்றனர் என்பதையும் அது காட்டுகின்றது. ஆயினும், அங்கு கொடுத்தவர் தம் சொந்த இடத்திலிருந்து தாமே கொடுத்தனர்.

இவ்விரண்டோடும் ஒப்பிடுக. விடுதிக்கு வருபவர் எவரிடம் இசைவு பெறுகின்றார்? விடுதி உரிமையாளரிடம், வீசா வழங்கும் அரசிடம். கரையைப் பயன்படுத்துவோர் இவ்வுடன்படிக்கையில் மூன்றாம் தரப்பினர். விலை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கடனைத் தீர்க்கும். இழப்பவருக்கு உரிய கடனைத் தீர்க்காது. ஒருவன் சந்தையில் ஆடு வாங்கி உரிய விலையை முழுதும் கொடுத்தான் என்பதால் அவ்வாடு களவாடப்பட்டதா என்ற வினா மறைந்துவிடுவதில்லை.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1795இல் எழுதிய ‘நிலையான சமாதானம்’ பற்றிய நூலிற் காட்டும் வேறுபாடு இங்கு பெரிதும் பயன்படும். புவிப்பரப்பு மனிதர் யாவர்க்கும் பொதுவாதலின் எவரும் எவ்விடத்துக்கும் சென்று தம்மை அறிமுகப்படுத்தும் உரிமை உடையர்; பகைமையின்றி நடக்கும் வரை அவரைப் பகைவராக நடத்தலாகாது. இது வருகை உரிமை. ஆனால் விருந்தினராகத் தங்கும் உரிமை இதனின் வேறானது. அது இருப்போர் தனியே அளிக்கும் இசைவின்பாற்பட்டது. இதனைக் கூறிய அவர், ஐரோப்பிய வாணிக நாடுகள் வருகையைக் கைப்பற்றுதலோடு ஒன்றாக்கிவிட்டன எனவும், அமெரிக்காவையும் வாசனைத் திரவியத் தீவுகளையும் உரியவரற்ற நாடுகளாகக் கருதியமைக்குக் காரணம் அங்கு வாழ்ந்தோரை ஒரு பொருட்டாக எண்ணாமையே எனவும் கண்டிக்கின்றார். அந்த வாசனைத் திரவியத் தீவுகளை ஆண்ட ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் உள்ளது. பயணிகள் அதனைப் பார்த்துச் செல்கின்றனர். கோட்டை பழங்காலச் சின்னமாகிவிட்டது. வாழ்வோரை ஒரு பொருட்டாக எண்ணாத மனப்பாங்கு பழங்காலச் சின்னமாகிவிட்டதா என்பதே வினா.

5

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக எழக்கூடிய வாதங்களை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும்.

முதலாவது வாதம், வறுமையை அழகுபடுத்துதல் ஆகாது என்பது. கரைவலையில் சம்மாட்டிக்கும் இழுப்பவருக்கும் உள்ள பங்கு சமமானதன்று. கரைவலை இழுப்பவரின் மகன் தானும் இழுப்பவனாகவே வாழ வேண்டும் என நகரிலிருந்து எழுதும் கட்டுரையாளன் விதிக்கலாகாது. விடுதியில் வேலை, படகோட்டும் வருமானம், வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடும் வாய்ப்பு என்பன கற்பிட்டி இளைஞர் பலருக்கு உண்மையான நன்மைகளாகும். இவ்வாதம் வலியது, இதனை ஏற்றல் வேண்டும். ஆனால் இவ்வாதம் நிறுவுவது, கரையில் வாழ்வோர் மாற்றத்தைத் தேர்ந்துகொள்ள உரிமையுடையர் என்பதையே. அவர்களுக்காகப் பிறர் தேர்ந்துவிடலாம் என்பதையன்று. மேலும், இவ்வருமானத்தின் நிலையாமையையும் கருத வேண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களும் அடுத்த ஆண்டின் கொள்ளைநோயும் அத்தொகையை வீழ்த்தின. 2021இல் வந்தோர் 2 இலட்சத்துக்கும் குறைவே. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வில், வள்ளத்தையும் வலையையும் வைத்திருந்தவன் கடலுக்குத் திரும்பலாம். கரையை இழந்தவன் எங்கு திரும்புவான்?

இரண்டாவது வாதம், இக்கரைக்குக் கேடு செய்தவர் பயணிகள் மட்டுமல்லர் என்பது. இதுவும் உண்மையே. 1980களில் தொடங்கிய இறால் வளர்ப்பு, புத்தளம் மாவட்டத்தின் கண்டற் காடுகளை அழித்து விரைவாகப் பரவியது. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியபோது குளங்கள் பல கைவிடப்பட்டு உவர்நிலங்களாகக் கிடந்தன. நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கத் தொடங்கி, பின்னர் 900 மெகாவாற் கொள்ளளவை எட்டிய நிலக்கரி மின்னிலையம் நாடு முழுவதற்கும் ஒளி தருகின்றது. அதன் தூசும் சாம்பலும் அயலவர்க்கே உரியன. கடற்றொழிலாளருள்ளும் தடைசெய்யப்பட்ட வலைகளைப் பயன்படுத்துவோர் உளர். ஆயின், இவ்வரலாறு உல்லாசப் பயணத்தைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. அதற்கு ஓர் எச்சரிக்கையாகவே அமைகின்றது. ஒவ்வொரு முறையும் கரை பிறிதொன்றுக்கு ஏற்ற வெற்றிடமாகவே காணப்பட்டது. பயன் தொலைவிற் சென்றது. எச்சம் கரையில் தங்கியது.

மூன்றாவது வாதம் நுட்பமானது. பயணியால் நேரிடும் தீங்கு மிகச் சிறிது. ஒருவர் வராதிருப்பதால் எதுவும் மாறப்போவதில்லை என்பது. கற்பிட்டிக்கு அப்பால் 1992இல் கடற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பார் ரீப் பவளப்பாறைத் தொகுதி உள்ளது. 1998இலும் 2016இலும் கடல்நீர் வெப்பமுற்றமையால் அங்குள்ள பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. நெடுந்தொலைவு விமானப் பயணங்களின் எரிபொருட் புகையும் புவியை வெப்பமாக்கும் காரணங்களுள் ஒன்று. பவளத்தின் அழகைக் காண வரும் செயலே, எத்துணை சிறிதாயினும், அதன் அழிவில் ஒரு பங்கை வகிக்கின்றது. எனது பங்கு சிறிது என்பது கரைவலை இழுக்கும் இடத்திற் செல்லாத வாதம். கயிற்றைப் பற்றிய முப்பதின்மரில் ஒருவர் பிடியைத் தளர்த்தினாலும் வலை வந்துவிடும். அதனால் அவர் இழுத்தவர் ஆகார். பங்கு கேட்கும்போது ஒவ்வொருவரும் தாம் இழுத்ததாகவே கூறுவர். நன்மையிற் பங்கு உண்டெனில் தீமையிலும் பங்கு உண்டு.

இங்கு நாம் எம்மையும் விலக்கிக்கொள்ளலாகாது. உல்லாசப் பயணி என்றதும் வெள்ளையரையே எண்ணுதல் எமது பழக்கம். ஆனால் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எமது உறவினரும் விடுமுறைக்கு வரும்போது கடற்கரை விடுதிகளிற் பத்து நாட்கள் தங்குகின்றனர். இப்பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் மாணவருட் சிலர் நாளை காணி அதிகாரிகளாகவும் திட்டமிடல் உத்தியோகத்தர்களாகவும் அமைவர். பலர் பயணிகளாகவும் ஆவர். 14 தீவுகளின் படத்தை மேசையில் விரித்து அவற்றுக்கு எண்ணிடும் கை எமது கையாகவும் இருக்கலாம்.

6

அவ்வாறாயின் முடிபு யாது? ஒருவரும் எங்கும் செல்லலாகாது என்பதா? அன்று. புதியவரை வெறுத்தல் எமது மரபுமன்று, இக்கரையின் வரலாறுமன்று. கான்ற் கூறிய வருகை உரிமையை மறுத்தால், 1990இல் வள்ளத்தில் வந்தோரை ஏற்ற அறமும் மறுக்கப்பட்டுவிடும். கரை என்பது வருவோர்க்கும் உரியது. உடையவர் யார் என்பதன்று, உடன்பட்டவர் யார் என்பதே இங்கு வினா.

ஆகவே, திட்டமிடுபவர் தனியொருவராயினும் அரசாயினும், ஓர் உரைகல்லைத் தமக்குத்தாமே வைத்துக்கொள்ளலாம். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கம் வெளிப்படையாகச் சொல்லப்பட முடியாததாயின் அச்செயல் நீதியற்றது என மேற்கூறிய அதே நூலிற் கான்ற் கூறுகின்றார். இதனை எமது கரைக்கு ஏற்பக் கூறின் இவ்வாறாகும்: நீர் வகுத்த திட்டத்தை, அத்திட்டம் தொடும் மணலில் நின்று, அங்கு வலை இழுப்போர் முகத்தை நோக்கி, அவர்தம் மொழியில், எதனையும் மறைக்காது உரத்துச் சொல்ல இயலுமா? ‘இவ்விடத்தில் நான் பத்து நாட்கள் தங்குவேன், உமது வள்ளம் இவ்விடத்தில் ஏறும், இவ்வழியால் நீர் கடலுக்குச் செல்வீர், எனது பணத்தில் இவ்வளவு உம்மிடம் வரும்’ எனச் சொல்லக்கூடிய பயணி விருந்தினரே. ‘நான் தங்கும் பொருட்டு நீர் இங்கு இல்லாதிருத்தல் வேண்டும்’ என்பதையே தன் திட்டத்தின் உள்ளடக்கமாகக் கொண்டு, அதனை மாத்திரம் வாய்விட்டுச் சொல்லாது மறைப்பவர், எவ்வளவு விலை கொடுப்பினும் விருந்தினர் ஆகார்.

இவ்வுரைகல்லால் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடும் எனக் கூறுவதற்கில்லை. கரையில் வாழ்வோரும் ஒரே குரலினர் அல்லர். சம்மாட்டி இசையலாம், இழுப்பவர் மறுக்கலாம். தந்தை மறுக்கலாம், படகோட்டும் மகன் இசையலாம். அவர்களுக்கிடையே நிகழ வேண்டிய உரையாடல் நீண்டது, கசப்பும் கலந்தது. ஆனால் அவ்வுரையாடல் நிகழ்வதற்கு முன்னரே படத்தில் எண்ணிடுதல், அவர்களைப் பேச்சிலிருந்தே நீக்குவதாகும். சிறிய விடுதிகள் சில, வள்ளங்கள் ஏறும் இடங்களை விட்டுவைத்து, அயலவரையே பணிக்கமர்த்தி நடைபெறுதலும் கூடும். அத்தகையனவற்றை நாடிச் செல்லுதல் பயணிக்கு அரிதன்று. முன்கூட்டியே வினவுதல் மட்டுமே வேண்டும். எம்மாதத்தில் டொல்பின் வரும் என வினவத் தெரிந்தவர்க்கு, எம்மாதத்தில் எவரது வலை எவ்விடத்தில் இறங்கும் என வினவுதலும் கூடாததன்று.

மாலை வேளையிற் கற்பிட்டிக் கரையில் இருவர் நிற்கக்கூடும். ஒருவர் கதிரவன் கடலில் இறங்குவதைப் பார்க்கின்றார். மற்றவர் காற்று எப்பக்கம் திரும்பும் எனப் பார்க்கின்றார். இருவரும் நோக்குவது ஒரே வானம். முதலாமவர் இரண்டாமவரை நோக்கி ஒரு சொல் வினவும் அக்கணத்திலேயே அவர் விடுதியில் தங்கியவர் என்ற நிலை நீங்கி, அக்கரைக்கு விருந்தினராகத் தொடங்குகின்றார்.